வெறுங்கைச் சோதனை

ஸ்கார்வெய் நகரத்தாரைக் குறை சொல்வதற்கு முன்னால் ஒன்றை ஒப்புக்கொண்டாக வேண்டும். அவர்களைப் போல மரியாதையாக வழியனுப்புகிற மனிதர்களை வேறெங்கும் பார்க்க முடியாது. படிக்க வந்த வெளிநாட்டுப் பிள்ளை ஊருக்குக் கிளம்புகிறது என்றால் அதன் வலது மணிக்கட்டில் ஒரு வெள்ளைத் துணிப்பட்டையைக் கட்டிவிடுவார்கள். அந்தப் பட்டையைக் கண்டால் போதும், முன்பின் தெரியாதவர்கள்கூட டிராமில் எழுந்து வந்து கைகுலுக்கி, "கைக்கு நன்றி" என்பார்கள். ரொட்டிக்கடையில் சூடாக ஒரு பன்னை எடுத்து நீட்டுவார்கள். மூன்று நாளைக்கு இந்த உபசாரம். மூன்றாம் நாள் மதியம், அந்தக் கையில் வித்தை எதுவும் மிச்சமில்லை என்று சோதித்துப் பார்த்துவிட்டுக் கப்பல் ஏற்றுவார்கள்.

காயல்பட்டினத்து சுலைஹா அந்தப் பட்டையோடு நடந்த முதல் நாளில் மட்டும் நாற்பத்தோரு பேர் அவள் கையைக் குலுக்கினார்கள். எண்ணிக்கொண்டே வந்தாள். எண்ணாவிட்டால் அழுதுவிடுவோம் என்று பயம்.

சுலைஹா டாக்டர். துண்டான விரலை மறுபடி ஒட்ட வைக்கும் அறுவை சிகிச்சை படிக்க இந்த வடக்குக் கடலோர நகரத்துக்கு வந்தவள். தலைமுடியைவிட மெல்லிய நூலால், தீக்குச்சியைவிடச் சன்னமான ரத்தக்குழாயைத் தைக்கிற வேலை. வேறு எங்கே படித்தாலும் கை படிய எட்டு வருடம், பத்து வருடம் ஆகும். ஸ்கார்வெயில் இரண்டே கால் வருடம் போதும். காரணம், வில்லை.

வில்லை என்பது வலது மணிக்கட்டின் உட்பக்கம் ஒட்டிக்கொள்ளும், வெங்காயத் தோல் கனத்தில் ஒரு வட்டம். பேராசிரியர் ஐவார் முப்பது வருடம் அறுவை செய்த கையின் ஒவ்வொரு அசைவும் அதில் இருந்தது. ஒட்டிக்கொண்டு ஊசியைப் பிடித்தால் நரம்பு வழியாக அவருடைய கை நம் கைக்குள் இறங்கி வரும். வந்த முதல் வாரமே சுலைஹாவின் அறைத்தோழி டெல்பின் அதை அழகாக விளக்கிவிட்டாள். "சைக்கிள் பழக்குறப்ப ஒரு ஆளு பின்னால பிடிச்சுட்டு ஓடி வருவாம்லா, அதுதான் இது. நாம என்னமோ நாமளே ஓட்டுறதா நெனச்சிட்டிருக்கோம், கேட்டியா."

பின்னால் பிடித்துக்கொண்டு வருகிற ஆள் ஒருநாள் கையை விட வேண்டுமே. அங்கேதான் நகரத்தின் கெட்டிக்காரத்தனம். படிப்புக்கு ஒரு காசு வாங்க மாட்டார்கள். ஆனால் வில்லையும் வில்லையில் உள்ளதும் நகரத்துக்குச் சொந்தம். இங்கேயே தங்கி வேலை பார்த்தால் ஆயுசுக்கும் போட்டுக்கொள்ளலாம். ஊருக்குப் போகிறவர்கள் கழற்றிக் கொடுத்துவிட வேண்டும். கழற்றியதுமே கை தடுமாற ஆரம்பிக்கும், மூன்று நாளில் வித்தையின் மிச்சமும் வடிந்துவிடும். புத்தகத்தில் படித்தது எல்லாம் தலையில் இருக்கும், கை மட்டும் முதலாம் ஆண்டு மாணவன் கையாகிவிடும். கிழங்கள் பெருத்துப்போன ஊர் அது, டாக்டர் வேண்டும். வந்த பிள்ளைகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் தங்கிவிட்டார்கள். யாரும் கட்டிப்போடவில்லை. பத்து வருட வித்தையைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டுப் போக யாருக்கு மனசு வரும்?

டெல்பினுக்கும் வரவில்லை. குளச்சல்காரி. விசைப்படகில் வலை இழுக்கும் வின்ச்சில் மாட்டித் துண்டான விரல்களைச் சின்ன வயதில் தன் வீட்டு முற்றத்திலேயே பார்த்தவள். அவளுடைய அப்பாவின் விரல்கள் அவை. அதற்காகவே படிக்க வந்தாள். வந்தவள் போன மாதம் தங்குவதாக எழுதிக் கொடுத்துவிட்டாள். ஜனவரியில் அது உறுதியாகும். "வெறுங்கைய வீசிட்டுப் போய் அப்பா முன்னால எப்பிடி நிக்க?" என்று ஒரே கேள்வி கேட்டாள்.

சுலைஹா மட்டும் கிளம்பினாள். திரும்பி வருகிறேன் என்று காயல்பட்டினத்துக் கடற்கரை ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். அங்கே நுண்ணோக்கி வாங்கி, உறை போட்டு மூடி, அவளுக்காகக் காத்திருக்கிறார்கள். போனில் உம்மாவிடம் விஷயத்தைச் சொன்னாள். உம்மா, "வித்தை போனா போவட்டும், கண்ணு. அல்லாஹ் குடுத்த கை இருக்குல்ல. வந்து மொதல்லேருந்து படி" என்றாள். சொல்வது சுலபம். முதலிலிருந்து படிக்கப் பத்து வருடம், அதுவரை துண்டான விரலோடு வருகிறவனை மதுரைக்கு ஓடு என்று அனுப்ப வேண்டும். அவன் போய்ச் சேருவதற்குள் விரல் செத்துப்போகும்.

இனி அவளுடைய மதியங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் அதை யாரிடமும் சொன்னதில்லை. அவமானம் என்று நினைத்திருந்தாள்.

தொழுகைக்கு முன்னால் ஒளு செய்யும்போது கையில் முழங்கை வரை தண்ணீர் பட வேண்டும். ஒட்டிக்கொண்டு தண்ணீரைத் தடுக்கிற எதுவும் இருக்கக்கூடாது. நகச்சாயம்கூட ஆகாது, மருதாணி ஆகும் என்று ஆறு வயதிலேயே காயல்பட்டினத்துப் பெண்பிள்ளைகளுக்குத் தெரியும். அப்படியானால் வில்லையும் ஆகாது. கழற்றலாம், தடையில்லை. நகர அலுவலகத்தில் 'தொழுகை அனுமதி' என்று முத்திரை குத்தியே கொடுத்தார்கள். சிக்கல் என்னவென்றால், கழற்றிய வில்லை மறுபடி ஒட்டி நரம்பைப் பிடிக்க ஒரு மணி நேரம் ஆகும்.

கோடையில் கவலையில்லை. பகல் நீளம், தொழுகைகளுக்கு நடுவே நிறைய இடைவெளி. நவம்பர் பிறந்துவிட்டால் அந்த ஊர்ச் சூரியன் சோம்பேறியாகிவிடும். பன்னிரண்டே காலுக்கு லுஹர், ஒன்றரைக்கெல்லாம் அஸர், மூன்றே காலுக்கு மஃரிப். மூன்று மணி நேரத்துக்குள் மூன்று தொழுகை. ஒரே ஒளுவில் மூன்றையும் தொழுதுவிடலாம், மார்க்கத்தில் தடை ஒன்றுமில்லை. ஆனால் அந்தக் குளிரில், நாளைக்கு எட்டு கப் தேநீர் குடிக்கிற ஒருத்திக்கு ஒளு மூன்று மணி நேரம் தங்குமா என்ன. கழற்றி, ஒட்டி, அது பிடிப்பதற்குள் மறுபடி கழற்றி என்று முதல் வாரம் திண்டாடிப் பார்த்தாள். அப்புறம் பன்னிரண்டு மணிக்குக் கழற்றி டப்பாவில் போட்டால் நாலேகால் வரை வெறுங்கைதான் என்று ஆகிவிட்டது.

மதியம் முழுக்கத் தனிப்பயிற்சி நேரம். சுற்றிலும் இருபது பேர் ஐவாரின் கையோடு மணி மணியாகத் தைத்துக்கொண்டிருக்க, இவள் மட்டும் மூலை மேசையில் வெறுங்கையோடு உட்கார்ந்து ரத்தக்குழாயைக் கிழித்துக்கொண்டிருப்பாள். பயிற்சிக்குக் கோழித்தொடையில் உள்ள குழாய். மற்றவர்களுக்கு ஒரு தொடை போதுமான இடத்தில் இவளுக்கு ஐந்து வேண்டியிருந்தது. கூட இருப்பவர்களிடம் கேட்க வெட்கப்பட்டு, துறைமுகத்தெரு அபூகர் கடையிலிருந்து தானே வாங்கி வந்தாள். கை நடுங்கும். நடுக்கத்தை அடக்கச் சுண்டுவிரலை மேசையில் ஊன்றிக்கொள்வாள். நூல் அறும், ஊசி நழுவும், தையல் கோணும். சில நாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே தைத்தாள். மஃரிப் முடிந்து வில்லையை ஒட்டிக்கொண்டு, நாலேகாலுக்கு அது நரம்பைப் பிடித்துக் கை மறுபடி அரசனாகும்போது, அப்பாடா என்று இருக்கும். வீணாய்ப் போன மதியங்கள் என்றே கடைசிவரை நினைத்திருந்தாள்.

வழியனுப்பு நாட்களில் அவள் ஊசியைத் தொடவில்லை. தொட்டுப் பார்க்கத் தைரியம் வரவில்லை. ஊரைச் சுற்றினாள். ஏழாம் நம்பர் டிராமில் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை இரண்டு தடவை போய் வந்தாள். பாலத்தின் நடுவில் நின்று, முதல் வருடம் காற்று தன் குடையைப் பிடுங்கிக்கொண்டு போன இடத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டாள். அபூகர், "தொடை மட்டும் கேட்கும் டாக்டரம்மா" என்று அவளுக்குப் பேர் வைத்த சோமாலியர், அன்றைக்கு முழுக் கோழியாகக் கட்டிக் கொடுத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்த ஊர் அவளுக்குப் பிடித்திருந்தது. அதைச் சொன்னால் என்ன தப்பு? பனியில் வழுக்கி விழுந்தபோது தூக்கிவிட்ட ஊர், ஊறுகாய் பாட்டிலைச் சுங்கத்தில் பிடிக்காமல் விட்ட ஊர். இப்படிப்பட்ட ஊர் ஏன் கையைக் குலுக்கிக்கொண்டே கையைப் பிடுங்குகிறது என்றுதான் அவளுக்குக் கோபம் கோபமாக வந்தது.

மூன்றாம் நாள் காலையில் டெல்பின் அவளுக்குத் தலைவாரிவிட்டாள். சோதனைக்குப் போகிறவளை மணப்பெண் மாதிரி நடத்தினாள். பிறகு மெதுவாக ஒரு விஷயம் சொன்னாள். இரண்டு வருடத்துக்கு முன் ஒருவன் இதே சோதனையில் அச்சு அசலாகத் தைத்துக் காட்டியிருக்கிறான். தோலுக்கடியில் கள்ள வில்லை வைத்திருந்தது தெரிந்து, பதினோரு மாதம் உள்ளே வைத்திருந்தார்கள்.

"அதனால நீ போயி நல்லபடியாத் தோத்துட்டு வா, கேட்டியா. நாலு மணிக்குக் கப்பலு."

"தோக்குறதுக்கு நான் தனியா எதுவும் செய்யணுமாக்கும்?" என்றாள் சுலைஹா. இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

லுஹர் தொழுதுவிட்டு, மணிக்கட்டில் குளிர்ந்த தண்ணீரின் ஈரம் காய்வதற்குள் சோதனை அறைக்குப் போய்ச் சேர்ந்தாள். ஒரு நுண்ணோக்கி, ஒரு மேசை, வெட்டி வைத்த குழாய் ஒன்று. மேசைக்கு அந்தப் பக்கம் நகர அலுவலர் லோனா அம்மையார், நெட்டையான, நிதானமான பெண்மணி. ஓரத்து நாற்காலியில் பேராசிரியர் ஐவார். விதி எளிது. குழாயின் இரு முனைகளையும் தைத்து இணைக்க வேண்டும். பிறகு சிவப்புத் தண்ணீரை உள்ளே விடுவார்கள். ஒழுகினால் கை காலி, போகலாம். ஒழுகாவிட்டால் விசாரணை. உலகத்திலேயே தோற்றால் தேர்ச்சி கொடுக்கிற ஒரே பரீட்சை அதுவாகத்தான் இருக்கும்.

சுலைஹா ஊசியை எடுத்தாள். ஐவாரின் கையைக் காணோம். உள்ளே யாருமில்லாத வீடு மாதிரி இருந்தது. எல்லோரும் சொன்ன அந்த வெறுமை இதுதான். இதைக் கண்டுதான் போனவர்களெல்லாம் இந்த மேசையிலேயே உடைந்து அழுதிருக்கிறார்கள்.

அவளுக்கு அழுகை வரவில்லை. ஏனென்றால் இந்த வெறுமை அவளுக்குப் பழக்கம். குளிர்காலத்தில் தினமும் பன்னிரண்டு மணிக்கு வந்து நாலேகால் வரை கூடவே உட்கார்ந்திருந்த அதே வெறுமை. அவள் யோசிப்பதற்கு முன்பே சுண்டுவிரல் தானாகப் போய் மேசையில் ஊன்றிக்கொண்டது. கை ஆடவில்லை. முதல் தையல் விழுந்தது. இரண்டாவது விழுந்தது. யாருடையதும் அல்லாத ஒரு கை, அவளுடைய சொந்தக் கை, தன் பாட்டுக்கு வேலை பார்க்க ஆரம்பித்திருந்தது.

யா அல்லாஹ், என்று மனசுக்குள் சொன்னாள். கண் நுண்ணோக்கியை விட்டு நகரவில்லை.

அங்கேயே அவள் நிறுத்தியிருக்கலாம். மூன்றாவது தையலைக் கொஞ்சம் தளர்த்திவிட்டால் தண்ணீர் ஒழுகும், நாலு மணிக்குக் கப்பல், வித்தை பத்திரமாக ஊர் போய்ச் சேரும். ஒரு ஈ காக்காய்க்குத் தெரியாது. தொடர்ந்து தைத்தால் கள்ளி என்று பிடித்து வைப்பார்கள், பதினோரு மாதமோ என்னவோ. நியாயமான புத்தி நிறுத்து என்றுதான் சொன்னது. ஆனால் இங்கே தோற்றுவிட்டுப் போனால், வில்லை இல்லாத கை வெறுங்கை என்று அவளே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி ஆகும். அதை நம்பி டெல்பின் ஜனவரியில் உறுதிப்படுத்துவாள். அவளுக்குப் பின்னால் வருகிற பிள்ளைகளும் உறுதிப்படுத்துவார்கள். சுலைஹாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. கிழித்த கோழித்தொடைகள் அத்தனையும் அவளுக்காகச் சாட்சி சொல்ல வந்து நிற்பது போல இருந்தது.

மூன்றாவது தையலை இழுத்து இறுக்கினாள். எட்டுத் தையல் போட்டு முடித்து, நூலை வெட்டி, கையை எடுத்தாள்.

லோனா அம்மையார் சிவப்புத் தண்ணீரை விட்டார். குழாய் நிரம்பி, தையலைத் தாண்டி, மறுமுனை வழியாக வந்தது. நடுவில் ஒரு சொட்டு ஒழுகவில்லை. அம்மையார் மறுபடி விட்டுப் பார்த்தார். பிறகு வில்லையைக் கண்டுபிடிக்கும் கருவியை எடுத்து அவள் விரல் நுனியிலிருந்து தோள்பட்டை வரை தடவினார். ஒன்றும் இல்லை. மற்றொரு கை, கழுத்து, முதுகு, கால். ஒன்றும் இல்லை. ஆனாலும் கள்ள வில்லை எங்கேயோ இருக்கத்தான் வேண்டும் என்றும், கண்டுபிடிக்கும்வரை பாஸ்போர்ட்டைத் தம்மிடம் கொடுத்துவிட வேண்டும் என்றும் வருத்தத்தோடு சொன்னார்.

"கொடுக்கிறேன்," என்றாள் சுலைஹா. குரல் அவள் நினைத்ததைவிட உறுதியாக வந்தது. "அதற்கு முன்னால் பேராசிரியரை அந்தத் தையலைப் பார்க்கச் சொல்லுங்கள். நான் திருடியிருந்தால் அது அவருடைய கையாக இருக்க வேண்டும்."

ஐவார் எழுந்து வந்து நுண்ணோக்கியில் குனிந்தார். குனிந்தவர் வெகுநேரம் நிமிரவில்லை. அவர் தைத்தால் பத்துத் தையல். முடிச்சில் எப்போதும் ஒரு சுற்று கூடுதலாக இருக்கும். வேண்டாத பழக்கம் என்று அவரே வகுப்பில் சொல்லிச் சிரிப்பார். இருபது வருடமாக அவரிடம் படித்தவர்கள் எல்லோரும் பத்துத் தையலும் அந்தக் கூடுதல் சுற்றுமாகத்தான் தைத்தார்கள். இங்கே எட்டு. கூடுதல் சுற்று இல்லை. தையல் எல்லாம் இடது பக்கம் லேசாகச் சாய்ந்து, சுண்டுவிரலை ஊன்றிய ஒரு கையின் சாய்வோடு இருந்தன.

"இது என் கை இல்லை," என்றார் அவர். "இப்படி ஒரு கையை நான் பார்த்ததே இல்லை."

எங்கே கற்றாய் என்று கேட்டார்கள். சுலைஹா மதியங்களைச் சொன்னாள். முதல் தடவையாக ஒரு மனுஷரிடம் சொல்கிறாள். ஒளு, தேநீர், சோம்பேறிச் சூரியன், அபூகர் கடைக் கோழித்தொடை எல்லாம் வெளியே வந்தன. லோனா அம்மையார் பதிவேட்டைத் திறந்தார். தொழுகை அனுமதி என்று அவருடைய அலுவலகமே முத்திரை குத்திய பக்கங்களில் வில்லை கழற்றப்பட்ட நேரம் நாள் தவறாமல் இருந்தது. கூட்டினால் எண்ணூறு மணி நேரத்துக்கு மேல் வந்தது. பிறகு சட்டத்தை எடுத்து வாசித்தார். வில்லையும் வில்லையில் உள்ளதும் நகரத்துக்குச் சொந்தம். வில்லையில் இல்லாததைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. நேர்மையான மனுஷி, திரும்பவும் ஒரு தடவை வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

ஐவார் தன் சட்டைக்கையைச் சுருட்டினார். அவர் மணிக்கட்டிலும் ஒரு வில்லை இருந்தது, பழசாகி ஓரம் மஞ்சளித்துப்போன வில்லை. அந்தக் கூடுதல் சுற்று தன் ஆசிரியருடையது என்றார். "இத்தனை வருடத்தில் நான் ஒரு மதியம்கூட இதைக் கழற்றியதில்லை, டாக்டர்." டாக்டர் என்று அவர் அவளைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

அம்மையார் மேசையைச் சுற்றி வந்து வெள்ளைப் பட்டையைக் கத்தரித்தார். வழக்கப்படி கையை நீட்டி, "கைக்கு..." என்று ஆரம்பித்தவருக்கு மேலே எதுவும் ஓடவில்லை. சுலைஹாவே அந்தக் கையைப் பற்றிக் குலுக்கினாள். "மதியங்களுக்கு நன்றி," என்றாள். மனசாரத்தான் சொன்னாள், கேலியாகச் சொல்லவில்லை. அஸருக்கு நேரமாகியிருந்தது. அந்தக் கட்டடத்துக் குழாயிலேயே ஒளு செய்து, தாழ்வாரத்து ஓரமாகத் தொழுதுவிட்டுக் கிளம்பினாள்.

துறைமுகத்துக்குப் போகும் டிராமில் யாரும் அவள் கையைக் குலுக்கவில்லை. பட்டை இல்லாத கையை யாருக்குத் தெரியும். ஜன்னலில் ஸ்கார்வெய் ஓடிக்கொண்டிருந்தது. பாலம், மணிக்கூண்டு, அபூகர் கடை, வெளிச்சம் மங்கத் தொடங்கிய கடல். போய் வருகிறேன் என்று ஒவ்வொன்றுக்கும் சொன்னாள். இனி இந்த ஊரை மனசார நேசிப்பதில் அவளுக்கு எந்தத் தடையும் இல்லை. உம்மாவுக்குப் போன் போட்டு, "உம்மா, கை இருக்கு" என்று மட்டும் சொன்னாள். உம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனாலும் அல்ஹம்துலில்லாஹ் என்றாள்.

படகுத்துறையில் சூரியன் முங்கும் நேரத்தில் டெல்பின் மூச்சிரைக்க ஓடி வந்தாள். தலையில் குல்லா இல்லை, கையில் உறை இல்லை. அவளுக்குப் பின்னால் பயிற்சிக்கூடத்துப் பிள்ளைகள் பதினாலு பேர் வந்தார்கள். பெருவிலிருந்து வந்தவன், நேபாளத்துக்காரி, கென்யாக்காரர்கள் இருவர் என்று எல்லாத் தேசத்து முகமும் இருந்தது. சோதனை அறைச் செய்தி சுலைஹா துறைமுகம் சேர்வதற்கு முன்பே விடுதிக்குப் போய்ச் சேர்ந்திருந்தது.

டெல்பின் வலதுகையை நீட்டினாள். குளிரில் சிவந்து, ஈரமாக இருந்தது. மணிக்கட்டில் வில்லை ஒட்டியிருந்த இடம் வெளுத்த வட்டமாகத் தெரிந்தது. சுலைஹா மற்றவர்களைப் பார்த்தாள். பதினாலு மணிக்கட்டிலும் அதே வெளுத்த வட்டம்.

"எழுதிக் குடுத்தத இப்பத்தான் திரும்ப வாங்கிட்டு வாறேன்," என்றாள் டெல்பின். "ஒரு குளிர்காலம் முழுசா இருக்கு. அது முடிஞ்சு குளச்சலுக்குப் போறேன்."

"இன்னிக்கு எவ்வளவு கிழிச்ச?"

"ஒம்பது தொட." மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரித்தாள். "எனக்குத் தொழத் தெரியாதுடி. நீ பண்ணுத மாதிரி மூணு தடவ கைய மட்டும் கழுவிட்டு வந்து உக்காந்தேன்."

சுலைஹா அந்த ஈரக்கையை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துச் சூடு வரும்வரை தேய்த்துவிட்டாள். கப்பல் சங்கு ஊதியது.